வழிவிடச் சொல்ல ஆளில்லை

என் அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். இந்த ஒரு வாக்கியத்தை என் அலுவலகத்தில் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ கேட்டபோது, "டிரான்ஸ்போர்ட் லைனில் இருக்கிறார்" என்றேன். சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறார் போலிருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அன்றிலிருந்து என்னைக் கிண்டல் செய்வதென்றால் "முதலாளி வீட்டுப் பிள்ளை" என்பார்கள், நானும் வெட்கமில்லாமல் சேர்ந்து சிரிப்பேன். அப்பா ஓட்டும் லோரி ஒரு கன்ட்ரேக்டருடையது. எங்கள் வீடு கோலசிலாங்கூரில், எஸ்டேட்டை மூடியபோது தொழிலாளர் லயத்திலிருந்து வந்தவர்களுக்காகக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறது.

அலுவலகம் ரவாங்கில், ஒரு கடைவீட்டின் மாடியில். நாங்கள் சிலர் மட்டுமே உள்ள சின்னக் கம்பெனி. எங்களுக்கு முதலில் கிடைத்த பெரிய வேலை அசாம் ஜாவாவுக்கு அப்பால் இருக்கும் ஒரு எண்ணெய் மில்லுடையது. அந்த மில் வாசலில் நிற்கும் லோரி வரிசையை ஒழிக்க வேண்டும் என்பதுதான் வேலை. அப்பா குலை கொண்டுபோய்க் கொட்டும் மில்லும் அதுதான்.

செம்பனைக் குலையை வெட்டிய பிறகு வைத்திருக்க முடியாது. நேரம் ஆக ஆக எண்ணெயின் தரம் கெட்டுக்கொண்டே வரும். அதனால் எல்லா லோரிகளும் முந்திக்கொண்டு வந்து மில் வாசலில் நிற்கும், வரிசை மெயின் ரோடு வரை நீளும், பள்ளிக்கூட பஸ் போக முடியாமல் ஹாரன் அடிக்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒவ்வொரு டிரைவரின் போனிலும் ஒரு சின்ன புரோகிராமை வைப்பது. அதற்கு ஏஜெண்ட் என்று பெயர். அம்மாவுக்கு ஏஜெண்ட் என்றால் இன்சூரன்ஸ் விற்க வீட்டுக்கு வருகிறவர். கிட்டத்தட்ட அதேதான் என்று சொன்னேன். இந்த ஏஜெண்ட் டிரைவருக்காக மற்ற லோரிகளின் ஏஜெண்டுகளோடு பேசும், பேரம் பேசும், "இன்ன நேரத்துக்கு நீங்கள் உள்ளே போகலாம்" என்று அவருக்குச் சொல்லும். அதுவரை அவர் எங்கேயாவது நிழலில் லோரியை நிறுத்திவிட்டு இருக்கலாம்.

நடுவில் ஒரு பெரிய கம்ப்யூட்டரை வைத்து எல்லோருக்கும் உத்தரவு போட்டால் என்ன என்று கேட்கலாம். எங்களிடமும் கேட்டார்கள். கன்ட்ரேக்டர்கள் ஒருவரை ஒருவர் நம்ப மாட்டார்கள், எல்லோரும் சேர்ந்து மில்லை நம்ப மாட்டார்கள். போதாததற்கு, செம்பனைத் தோட்டத்துக்கு உள்ளே போனால் போனில் லைன் வந்து வந்து போகும். ஆகவே ஒவ்வொரு ஏஜெண்டும் தனக்குத் தெரிந்ததை வைத்துத் தானே முடிவெடுக்க வேண்டும். தாங்களே முடிவெடுக்கிற பலபேர் அடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டுமென்றால் அவர்களுக்குள் சில நெறிகள் வேண்டும். கட்டளை என்றால் மீற முடியாதபடி கையைக் கட்டிவிடுவது. நெறியை மீறலாம். ஆனால் மீறினால் மற்றவர்கள் பார்ப்பார்கள், நினைவில் வைத்துக்கொள்வார்கள், அடுத்த தடவை உன் பேச்சு எடுபடாது. புரோகிராம்களுக்கும் அப்படித்தான் எழுதினோம். முன்னால் வெட்டிய பழத்துக்கு முதல் இடம். ஒப்புக்கொண்ட நேரத்துக்கு வராதவர் பேர் கெடும். வழிவிட்டவருக்கு நல்ல பேர் சேரும்.

அந்த நெறிகளை எழுதியது நான்தான். அதில் எனக்குக் கர்வம் உண்டு, இன்றைக்கும் உண்டு. வெட்கப்படுகிற விஷயத்தில் கர்வமும் இருப்பது ஒரு தொல்லை.

அவசரம் என்றால் என்ன செய்வது என்ற கேள்வி ஒரு மீட்டிங்கில் வந்தது. எங்கள் குழுத் தலைவி கெட்டிக்காரி, நல்ல மனுஷி. "இப்போது வரிசையில் யாருக்காவது அவசரமென்றால் டிரைவர்கள் என்ன செய்கிறார்கள்? யாருக்காவது தெரியுமா?" என்று மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

எனக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் அப்பாவோடு லோரியில் போயிருக்கிறேன். அந்த வரிசையில் மணிக்கணக்காக உட்கார்ந்து ஐஸ்கிரீம் உருகி உருகிக் கையெல்லாம் பிசுபிசுக்கக் கிடந்திருக்கிறேன். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் சாவு, பிரசவம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருவருக்கு அவசரம் வந்தால் அவர் வாயைத் திறக்க மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்து லோரிக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார், என்னவென்று விசாரிப்பார். பிறகு அவரே ஒவ்வொரு லோரியின் கதவையும் தட்டிக்கொண்டு போவார். "அண்ணனுக்கு அவசரம் லா, ஒதுங்குங்க." தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோரும் லோரியை ஓரங்கட்டுவார்கள். தனக்கு வழிவிடச் சொல்லித் தானே கேட்பது கேவலம். கேட்டாலும் விட்டுவிடுவார்கள். ஆனால் அதற்குப் பிறகு அந்த ஆளோடு பேசும் பேச்சில் ஒரு மாற்றம் இருக்கும். அப்பா ஒருவரைப் பற்றி அப்படிச் சொல்லி முகத்தைச் சுளித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்ல வேண்டுமென்றால், எப்படித் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். "தெரியவில்லை, விசாரிக்கலாம்" என்றேன். விசாரிக்கவும் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு பட்டன் வைத்தேன். அவசரம் உள்ளவர் தன் போனில் அமுக்க வேண்டும், உடனே மற்ற ஏஜெண்டுகள் ஒதுங்கும், பொய்யாக அமுக்கினால் பேர் கெடும். ஒருவருக்காக இன்னொருவர் அமுக்க விட்டால் கூட்டுச் சேர்ந்து ஏமாற்றுவார்கள் என்று வாதாடி அதையும் தடுத்தேன். வாதம் சரியானதுதான். சரியான வாதம் கையில் இருந்தால் அசல் காரணத்தை யாரும் கேட்பதில்லை.

டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மில்லுக்குப் போனோம். கொட்டகையின் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்க்காமல் பேசினேன். என் கூட வந்தவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றபோது அப்பா கையைத் தூக்கி எழுந்து நின்றார்.

"மிஸ், அந்த அவசர பட்டன யாரு அமுக்கணும்?"

மிஸ். என்னைத்தான். வீட்டில் யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. நான் அந்தப் பக்கம் பார்க்காததிலிருந்து அவரே புரிந்துகொண்டார்.

"அவசரம் உள்ளவங்களே அமுக்கலாம்" என்றேன்.

"அவங்களேவா?"

"ஆமா, அங்கிள். அவங்களேதான்."

பின்வரிசையில் இரண்டு மூன்று பேர் லேசாகச் சிரித்தார்கள். அப்பா தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். பெற்ற தகப்பனை அங்கிள் என்று கூப்பிட்டேனே என்று அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவே கால் வரவில்லை. போனேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா பேசுன மா" என்றார்.

திட்டம் நன்றாகவே ஓடியது. மெயின் ரோட்டில் வரிசை காணாமல் போனது. டிரைவர்கள் ஆளுக்கொரு மூலையில், ஒருவர் ஆலமரத்தடியில், ஒருவர் ரொட்டிக்கடை வாசலில், ஒருவர் தன் வீட்டு முன்னால் என்று நிறுத்திவிட்டுப் போன் கூப்பிடும்வரை இருந்தார்கள். அப்பாவின் ஏஜெண்ட் மிக நல்ல பேர் வாங்கியிருந்தது. அப்பா சொன்ன நேரத்துக்குப் போவார், யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்கச் சொல்லி அதைப் பழக்கியிருந்தார். வேறு மில்காரர்களும் வந்து பார்ப்பதாக இருந்தது. அவர்களுக்குச் செய்துகாட்ட நாங்கள் தயாராகிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பெரிய அத்தை இறந்தார். அப்பாவின் ஒரே அக்கா. புக்கிட் பெருந்துங்கில் மகன் வீட்டில் இருந்தார். எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த காலத்தில், வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தம்பியை லோரி லைசென்ஸ் எடுக்கக் கூட்டிப்போய், சோதனை முடியும்வரை வெயிலில் காத்திருந்தவர். தோற்றுவிட்டு வந்தவரைத் திட்டாமல் மறுபடியும் கூட்டிப்போனவரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பார். வேறு பேச்சே இருக்காது. அந்த ஒரு கேள்விக்காக அப்பா ஞாயிற்றுக்கிழமை போனைக் கையிலேயே வைத்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம் உயிர் போனது. உடலை மறுநாள் காலையில்தான் கொடுப்பார்கள், அன்று பிற்பகலே அடக்கம் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ஃபாதருக்கு வேறு ஊரில் பூசை இருந்தது. அப்பாவின் லோரியில் அதற்குள் குலைகள் ஏறிவிட்டிருந்தன. வேறு டிரைவர் இல்லை. காலையில் முதல் ஆளாய்ப் போய்க் கொட்டிவிட்டு நேரே வந்துவிடுகிறேன் என்றார். வெள்ளைச் சட்டையையும் கறுப்புக் கால்சட்டையையும் அம்மா இஸ்திரி போட்டு லோரியில் மாட்டிக் கொடுத்தார். நானும் அம்மாவும் என் காரில் விடிந்ததும் கிளம்பினோம்.

காலையில் மில்லில் கொதிகலன் நின்றுவிட்டது. அதைச் சரிசெய்து முடிக்கும்வரை ஒரு லோரியும் உள்ளே போகவில்லை. மறுபடி ஓடத் தொடங்கியபோது ஏஜெண்டுகள் புதிதாகப் பேசி இடம் பிடித்தன. நான் சாவு வீட்டின் பந்தலுக்கு வெளியே நின்று அதை என் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் பழத்தைவிட முன்னால் வெட்டிய பழங்கள் இருந்தன, அவை முன்னால் போயின. பிறகு ஒருவர் அவசரம் என்று அமுக்கினார். அப்பாவின் ஏஜெண்ட் ஒதுங்கியது. இன்னொருவர் அமுக்கினார். அதற்கும் ஒதுங்கியது. அவர்களுக்கு என்ன அவசரமோ எனக்குத் தெரியாது. நான் எழுதிய நெறிகள் ஒரு பிசகில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன.

பந்தலில் எல்லோரும் "தம்பி எங்க, இன்னும் வரலையா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "வந்துருவார். இது மாதிரி அவசரத்துக்கு நாங்க பட்டன் வெச்சிருக்கோம்" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பிறகு போன் போட்டேன்.

"அப்பா, அந்தப் பட்டன அமுக்குங்க."

"சரிமா."

"சரின்னு சொல்லாதீங்க. இப்பவே அமுக்குங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

லோரி எஞ்சின் ஓடவில்லை, எங்கோ ஒரு குயில் மட்டும் கத்தியது. அசாம் ஜாவா ரோட்டோரத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"நம்ம வீட்டு சாவ நாமளே சொல்லி வழி கேக்கறதாமா? யாராச்சும் சொல்லிவிட்டா போகலாம். இங்க சொல்லறதுக்கு ஆளே இல்ல."

"யாரும் சொல்ல வேண்டாம்பா. மிஷினுக்குத்தானே சொல்றீங்க."

"எல்லார் போன்லயும் தெரியும்லமா, யாரு அமுக்குனான்னு."

தெரியும். அதையும் நான்தான் வைத்தேன். பார்ப்பவர்கள் இல்லாவிட்டால் நெறி நிற்காது என்பது பாடம்.

அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "அவரு அமுக்க மாட்டாருடி. உனக்குத் தெரியாதா?" என்றார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்பது போல்தான் கேட்டார்.

என்னால் முடியும். சிஸ்டத்துக்குள் நுழைந்து எந்த லோரிக்காகவும் அவசரக் கொடியை உயர்த்தும் உரிமை எனக்கு இருந்தது. பழுது பார்ப்பதற்காகக் கொடுத்த உரிமை. அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அப்பாவின் லோரியைத் தேடி எடுத்தேன். அமுக்கினால் இன்னார் இந்த லோரிக்காக அமுக்கினார் என்று என் பேரோடு பதிவாகும். திங்கட்கிழமை குழுத் தலைவி கேட்பார். ஏன் இந்த லோரி? யார் இந்த டிரைவர்? அப்போது சொல்ல வேண்டும்.

அமுக்கவில்லை. எழுதியவளே நெறியை மீறலாமா என்று எனக்கு நானே நியாயம் பேசினேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவர் முறை வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். மில்லிலிருந்து புக்கிட் பெருந்துங்குக்கு லோரியில் வர எவ்வளவு நேரமாகும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தும் வேண்டுமென்றே குறைத்துப் போட்டேன். அந்தப் பந்தலோரத்தில் நின்றபடி எதற்குப் பயந்தேன் என்றால், என் அப்பா லோரி ஓட்டுகிறார் என்று நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்றுதான். எழுதும்போதே கூசுகிறது.

ஃபாதர் வந்தார். உள்ளே செபம் தொடங்கியது. பாட்டுச் சத்தம் கேட்டது. அத்தையின் மகன், என் அத்தான், வெளியே வந்து ரோட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "மாமாவுக்காக கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சிருக்கோம். ஃபாதர் அவசரப்படுறாரு" என்றார். அவர் உள்ளே போனதும் அமுக்கினேன்.

மற்ற எல்லா ஏஜெண்டுகளும் அந்தக் கணமே ஒதுங்கின. ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. அப்பாவின் லோரி திரையில் முதலிடத்துக்கு வந்தது, கொஞ்ச நேரத்தில் நகர ஆரம்பித்தது. அவ்வளவு சுலபமாக இருந்தது. அந்தப் பக்கத்தைத் திறந்த உடனேயே அமுக்கியிருந்தால் மனுஷன் குளித்து, சட்டை மாற்றி, அக்காவின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்திருப்பார்.

அப்பா வந்தபோது நாங்கள் கல்லறைக்குப் போய்த் திரும்பி, கால் கழுவி உட்கார்ந்திருந்தோம். லோரி தாமான் ரோட்டில் திரும்ப முடியாமல் முனையிலேயே நின்றது. அப்பா வெள்ளைச் சட்டையில் நடந்து வந்தார். லோரிக்குள்ளேயே மாற்றியிருக்க வேண்டும், மேல் பட்டனைத் தப்பான துளையில் போட்டிருந்தார். பந்தலில் சவப்பெட்டி வைத்திருந்த இடத்தில் நாற்காலிகள் கிடந்தன. அந்த இடத்தைப் பார்த்தார்.

உறவில் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். "நீ இல்லாமலே மூடிட்டோம்பா. எவ்வளவு நேரந்தான் வெச்சிருக்கறது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பட்டன் இருக்கு, வந்துருவாருன்னு சொன்ன? உன் மிஷினு விடலியா?"

பந்தலில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மிஷினெல்லாம் கரெக்டாத்தான் கூப்பிட்டுச்சு. வர்ற வழியில டயரு போச்சு. அதான் லேட்டு."

அப்பா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் அவருக்குச் சரியாகச் சொல்லவும் வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அத்தான் புக்கிட் பெருந்துங்கில் டயர் கடை வைத்திருப்பவர். தாயைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த மனுஷன் எழுந்தார். "எந்த டயரு மாமா? மறுபடி ரோட்டுல நின்னுறப் போறீங்க. வாங்க பாப்போம்."

மறுக்க முடியாமல் அப்பா முன்னால் நடந்தார். நானும் போனேன். லோரிக்குப் பக்கத்தில் போய் அப்பா ஒரு கணம் தடுமாறிவிட்டுப் பின்பக்கத்து டயர் ஒன்றைக் காட்டினார். அத்தான் குந்தி உட்கார்ந்தார். சக்கரத்து நட்டுகளின் மேல் செம்மண் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. மாதக்கணக்கில் யாரும் அதில் ஸ்பேனர் வைத்ததில்லை என்பது எனக்கே தெரிந்தது. அவர் தொழிலே அது. விரலால் அந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். எழுந்தார்.

பந்தலுக்குத் திரும்பி வந்து எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஆமா லா, டயரு ரொம்ப மோசம். மாமா வந்து சேந்ததே பெருசு."

அதற்குப் பிறகு யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. யாரோ தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தார்கள். வாங்கிக் குடித்தேன். எனக்கு வழிவிடச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை, அவர்களே ஒதுங்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சொன்னேன். அந்த லோரிக்காரர் என் அப்பா, அது அவர் லோரியும் இல்லை, மீட்டிங்கில் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு அன்றைக்கே தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குழுத் தலைவி திட்டவில்லை. ஒருவருக்காக இன்னொருவர் அமுக்கும்படி மாற்றலாமே என்றார். மாற்றினோம். அது இப்போதும் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதில்லை. முகத்தைப் பார்த்துத்தானே அடுத்தவன் கஷ்டம் தெரியும், லோரிகள்தான் ஆளுக்கொரு திசையில் நிற்கின்றனவே. ஏஜெண்டுகளுக்கு முகம் கிடையாது. பழத்தின் வயது, வழியின் தூரம், பேர் கெட்டதா நல்லதா என்பவை மட்டும் தெரியும். கூட்டமாய் நின்று வெயிலில் காய்ந்ததை ஒழிக்கத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள், ஒழித்துக் கொடுத்தோம். அதோடு சேர்ந்து என்ன போனது என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள் அந்த மேசையில் நான்தான்.

அடக்கம் நடந்த அன்று சாயங்காலம் அம்மாவை அத்தை வீட்டிலேயே சில நாள் இருக்கச் சொன்னார்கள். காரை அவருக்கென்று விட்டுவிட்டு நான் அப்பாவோடு லோரியில் ஏறிக்கொண்டேன். பல வருஷங்களுக்குப் பிறகு ஏறுகிறேன். சீட்டில் பழத்தின் எண்ணெய் வாசனை. ரவாங் தாண்டும்வரை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாக்கியங்களைக் கோர்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றும் உருப்படியாக அமையவில்லை.

சிக்னலில் நின்றபோது அப்பாதான் பேசினார்.

"அக்கா மொகம் எப்படிமா இருந்துச்சு?"

தூங்குவது போல் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். காலையில் போன உடனேயே நான் போனோடு வெளியே நின்றுவிட்டேன். கூட்டம் குறையட்டும், பிறகு உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன். பிறகு பெட்டியை மூடும்போதும் திரையில் அவர் லோரி நகர்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாக்கலப்பா" என்றேன். "போன்லயே இருந்துட்டேன்."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த கார் ஹாரன் அடித்தது. அப்பா கியரை மாற்றினார்.

"அப்ப நம்ம ரெண்டு பேருமே பாக்கல" என்றார்.